தலையணை ஏன் நனைகிறது: உறக்கத்தில் எச்சில் வடிதல் குறித்த ஒரு நிகழ்வு ஆய்வு

46 வயது ஆண். எட்டு மாதங்களாகக் காலையில் எழும்போது தலையணை உறை நனைந்திருக்கிறது. வாயோரத்தில் காய்ந்த வெள்ளைத் தடம். தோல் சிவந்து லேசாக வெடித்திருக்கிறது. பகலில் எச்சில் வடிவதில்லை. "எனக்கு எச்சில் அளவுக்கு மீறிச் சுரக்கிறது, அதைக் குறைக்க மாத்திரை வேண்டும்" என்பதுதான் அவர் கேட்டு வந்தது. கேட்டதை ஏற்கெனவே ஒருமுறை வாங்கியும் பார்த்துவிட்டார். கிளைகோபைரோலேட் 1 மில்லிகிராம் மாத்திரையை நாளைக்கு இரண்டு வேளை என மூன்று வாரம் சாப்பிட்டார். பகலில் நாக்கு அண்ணத்தில் ஒட்டிக்கொண்டது, மலச்சிக்கல் வந்தது, தலையணை மட்டும் நனைவதை நிறுத்தவில்லை.

உமிழ்நீர்ச் சுரப்பைக் குறைக்கும் மருந்தைக் கொடுத்தும் வடிதல் குறையவில்லை என்றால், குறை சுரப்பில் இல்லை. இந்த ஆய்வு முழுவதும் இந்த ஒரு முடிச்சை அவிழ்ப்பதுதான். (இங்கே வருபவர் தனி ஒரு நபர் அல்ல. இத்தகைய நோயாளிகளிடம் சேர்ந்தே காணப்படும் கூறுகளைத் தொகுத்து, கற்பித்தலுக்காக அமைத்த மாதிரி நிகழ்வு இது. அவரைப் பற்றிய அளவுகளும் அப்படியே.)

இரவில் உமிழ்நீர் என்ன ஆகிறது

ஒரு நாளில் அரை லிட்டர் முதல் ஒன்றரை லிட்டர் வரை உமிழ்நீர் சுரக்கிறது. விழித்திருந்து எதையும் மெல்லாமல் இருக்கும்போது நிமிடத்துக்குச் சுமார் 0.3 மில்லிலிட்டர். இதில் பெரும்பங்கு தாடைக்குக் கீழுள்ள சுரப்பிகளுடையது. காதருகே உள்ள பெரிய சுரப்பிகள் முக்கியமாகச் சாப்பிடும்போதுதான் மும்முரமாக வேலை செய்யும். உறங்கியதும் இவை ஏறக்குறைய ஓய்ந்துவிடுகின்றன. மொத்தச் சுரப்பு நிமிடத்துக்கு 0.1 மில்லிலிட்டர் அளவுக்கோ அதற்கும் கீழோ இறங்கிவிடுகிறது. ஆக, இரவில்தான் எச்சில் மிகக் குறைவாகச் சுரக்கிறது.

ஆனால் விழுங்குவது அதைவிட வேகமாகக் குறைகிறது. விழித்திருக்கையில் நிமிடத்துக்கு ஒருமுறை என்ற கணக்கை ஒட்டி, நம்மை அறியாமலேயே விழுங்கிக்கொண்டிருக்கிறோம். உறக்கத்தில் அது மணிக்குச் சில முறைதான். ஆழ்ந்த உறக்கத்தில் இருபது நிமிடத்துக்கு மேலும் ஒருமுறைகூட விழுங்காமல் இருப்பது இயல்பு. உறக்கம் லேசாகக் கலையும்போதும் புரண்டு படுக்கும்போதும்தான் தேங்கியது உள்ளே போகிறது.

அப்படித் தேங்கும் சிறிதளவு நீர் வெளியே வர இரண்டு வழி சேர வேண்டும். உதடு திறந்திருக்க வேண்டும். வாயோரம் கீழ்நோக்கி இருக்க வேண்டும். மல்லாந்து படுத்தால் நீர் தொண்டைப் பக்கம் ஓடிவிடும். ஒருக்களித்தோ குப்புறவோ படுத்தால் கீழ்ப்பக்கக் கன்னத்தில் தேங்கி, உதடு திறந்ததும் வழியும். களைத்துப்போய் அசந்து தூங்கும் ஓரிரு இரவுகளில் எவருக்கும் இது நடக்கும். அதற்கு மருத்துவம் வேண்டியதில்லை. வாரத்தில் பல நாள், மாதக்கணக்கில், முன்பு இல்லாமல் புதிதாக வந்தது என்றால்தான் காரணம் தேட வேண்டும்.

கேட்டதில் கிடைத்தவை

தலையணை உறையைக் கையோடு கொண்டுவரச் சொல்வது பயனுள்ள பழக்கம். இவர் கொண்டுவந்த உறையில் இரு ஓரங்களிலும் உள்ளங்கை அகலத்துக்கு வட்டமான கறைகள். நடுப்பகுதி சுத்தம். கறையின் விளிம்பு மட்டும் மஞ்சள், உள்ளே வெளிறிய நிறம். ரத்தச் சாயல் இல்லை, புளித்த வாடை இல்லை. எந்தப் பக்கம் சாய்ந்து படுக்கிறாரோ அந்தப் பக்கத்து வாயோரத்திலிருந்து வடிகிறது என்பது இதிலிருந்தே தெரிகிறது. எப்படிப் படுத்தாலும் ஒரே வாயோரம்தான் கசிகிறது என்றால் அந்தப் பக்க முகத்தசை வலுவிழந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ரத்தக்கறை ஈறு நோயையும், புளித்த வாடை வயிற்று அமிலம் மேலேறுவதையும் நினைவுபடுத்தும்.

அடுத்த துப்பு முரண்போலத் தோன்றும்: தலையணை ஈரம், வாய் வறட்சி. எழுந்ததும் தொண்டை காய்ந்து, தண்ணீர் குடித்தால்தான் பேச்சே வருகிறது என்றார். இரண்டும் ஒரே காரணத்தின் இரு முகங்கள். இரவு முழுக்க வாயால் மூச்சு விட்டால் நாக்கும் அண்ணமும் காயும். கன்னத்தில் தேங்கியதோ வழிந்துபோகும். ஈரத் தலையணையோடு காலை வாய் வறட்சியும் இருந்தால் முதலில் மூக்கைத்தான் சந்தேகிக்க வேண்டும்.

மூக்கடைப்பு இருக்கிறதா என்று கேட்டதற்கு "இல்லை" என்றார். மூக்கில் ஏதாவது சொட்டு மருந்து விடுகிறீர்களா என்று கேட்டபோதுதான், சைலோமெட்டாசோலின் 0.1 சதவீதச் சொட்டு மருந்தைப் பதினோரு மாதமாகத் தினமும் படுக்கும் முன் விட்டுக்கொள்வது தெரிந்தது. அதை மூக்கில் விட்டுக்கொண்டால்தான் அடைப்பு இல்லை! கேள்வியை இரண்டு விதமாகவும் கேட்பதன் அவசியம் இதுதான். இந்தச் சொட்டு மருந்து தொடர்ந்து மூன்று முதல் ஐந்து நாளுக்கு மேல் விடக் கூடாதது. மீறினால், மருந்தின் வீரியம் தீர்ந்ததும் மூக்கின் உள்சவ்வு முன்னைவிட அதிகமாக வீங்கிக்கொள்ளும். இரவு பத்து மணிக்கு விட்டால் விடிவதற்குள் வீரியம் போய், கடைசி மூன்று மணி நேரத்தில் மூக்கு இறுக அடைத்துவிடும். இவரது தலையணை நனைவதும் அந்த நேரத்தில்தான்.

மூன்றாவது துப்பு மனைவியிடமிருந்து வந்தது. குறட்டை பல வருடமாக உண்டு. மல்லாந்து படுத்தால் மூச்சு சில நொடி நின்று, பிறகு திணறலோடு மீண்டும் வருவதைப் பார்த்துப் பயந்து, சுமார் ஒன்பது மாதமாக இரவில் தட்டி எழுப்பி, "ஒருக்களிச்சுப் படுங்க" என்று திருப்பிவிடுகிறார். அதற்கு முன்பு அவர் மல்லாந்தே உறங்கும் பழக்கம் உள்ளவர். வடிதல் தொடங்கியது அதற்கடுத்த மாதம். திறந்த வாய் முன்பே இருந்தது. புதிதாகச் சேர்ந்தது சாய்வு மட்டுமே. மனைவி செய்தது சரியான காரியம், அதை நிறுத்தச் சொல்லக் கூடாது. தலையணை நனைகிறதே என்று மீண்டும் மல்லாந்து படுக்கச் சொல்வதுதான் இந்த நிகழ்வில் நேரக்கூடிய மிகப் பெரிய தவறு.

பரிசோதனை

உயரத்துக்கேற்ற எடைக் குறியீடு 29. கழுத்துச் சுற்றளவு 42 சென்டிமீட்டர். ரத்த அழுத்தத்துக்கு ஒரு மாத்திரை எடுக்கிறார். பகல் தூக்கத்தை அளக்கும் எப்வொர்த் அளவையில் 24க்கு 13; பத்தைத் தாண்டினால் கவனிக்க வேண்டும். ஸ்டாப்-பேங் என்ற எட்டுக் கேள்விப் பட்டியலில் குறட்டை, பகல் களைப்பு, பிறர் பார்த்த மூச்சு நிற்றல், ரத்த அழுத்தம், 40 சென்டிமீட்டரைத் தாண்டிய கழுத்து, ஆண் என ஆறு புள்ளி. ஐந்தோ அதற்கு மேலோ வந்தாலே உறக்க மூச்சுத்தடைக்கான (தூக்கத்தில் மூச்சுப்பாதை அடைத்து மூச்சு நின்று நின்று வருவது) வாய்ப்பு அதிகம்.

மூக்குக்குக் கீழே குளிர்ந்த உலோகத் தகட்டைப் பிடித்தால் படியும் மூச்சுப் பனி வலப்பக்கம் பாதிகூட இல்லை. உள்ளே பார்த்தால் மூக்கின் நடுச்சுவர் வலப்புறம் வளைந்திருக்கிறது. இரு பக்கச் சவ்வும் சிவந்து வீங்கியிருக்கிறது. டான்சில் பெரிதாக இல்லை. பல், ஈறு, நாக்கு இயல்பு. கண்ணை இறுக மூடுதல், கன்னத்தை ஊதுதல், விசில் அடிப்பது போல உதட்டைக் குவித்தல் எல்லாம் இரு பக்கமும் சமமாக வருகிறது. 90 மில்லிலிட்டர் தண்ணீரை நிறுத்தாமல் குடிக்கச் சொன்னதில் இருமலோ, தண்ணீர் தேங்கியதுபோலக் குரல் களகளப்பதோ இல்லை.

எவ்வளவு வடிகிறது என்று அளக்க எளிய வழி உண்டு. நான்காக மடித்த பருத்தித் துண்டை ஒரு கிராம் வரை காட்டும் சமையலறைத் தராசில் எடை போட்டுக் கன்னத்தடியில் வைத்துப் படுக்க வேண்டும். எழுந்த உடனே மறுபடி எடை. ஒரு கிராம் ஏறினால் ஒரு மில்லிலிட்டர். சிறிது ஆவியாகிப் போவதால் உண்மை அளவு கொஞ்சம் கூடுதலாக இருக்கும். ஏழு இரவுச் சராசரி 11 கிராம். நிமிடத்துக்கு 0.1 மில்லிலிட்டர் என்றே வைத்தாலும் ஏழு மணி நேரத்தில் 42 மில்லிலிட்டர் சுரக்கும். உறை முழுக்க நனைந்ததாகத் தெரிவது அதில் கால்பங்குதான். சுரப்பு ஒரு துளிகூட மிகாமலேயே இவ்வளவு ஈரம் வர முடியும் என்பதை நோயாளிக்குப் புரியவைக்க இந்தக் கணக்கைப் போட்டுக் காட்டுவது போதும்.

விலக்கிய காரணங்கள்

இரைப்பை அமிலம் உணவுக்குழாயில் ஏறும்போது அதை நீர்க்கச் செய்ய உமிழ்நீர் அனிச்சையாகப் பொங்கும். அப்போது வாயில் திடீரென உப்பு நீர் நிறைந்து விழிப்பு வரும். நெஞ்செரிச்சல், புளித்த ஏப்பம், காலையில் குரல் கம்மல் கூட இருக்கும். இவரிடம் இவை இல்லை. இருந்திருந்தால் படுப்பதற்கு மூன்று மணி நேரம் முன்பே உணவை முடிப்பது, கட்டிலின் தலைப்பக்கக் கால்களுக்கு 15 முதல் 20 சென்டிமீட்டர் முட்டுக் கொடுப்பது, இடப்பக்கம் ஒருக்களிப்பது என்று வேறு வழியில் போயிருக்கும். தலையணைகளை அடுக்குவது முட்டுக் கொடுப்பதற்கு ஈடாகாது. இடுப்பு மடங்கி வயிறு அழுந்தும்.

மருந்துகளைப் பெயர் பெயராகக் கேட்க வேண்டும். மனச்சிதைவு நோய்க்குத் தரும் குளோசபைன் இதில் முதலிடம் பெறும். அதை எடுப்பவர்களில் கணிசமானோருக்கு இரவில் தலையணை ஊறிப்போகும் அளவுக்கு வடியும். மறதி நோய்க்கான டோனெபெசில், ரிவாஸ்டிக்மின், தசைக்களைப்பு நோய்க்கான பைரிடோஸ்டிக்மின், வாய் வறட்சிக்கே தரும் பைலோகார்பின் ஆகியவையும் சுரப்பைக் கூட்டும். தூக்க மாத்திரைகளும் மதுவும் சுரப்பைத் தொடாமலேயே வடிதலை உண்டாக்கும். தாடை தளர்கிறது, விழுங்குவது இன்னும் அரிதாகிறது. குளோசபைன் எடுப்பவர் தலையணை நனைகிறது என்று தானாக மாத்திரையை நிறுத்தினால் நோய் கடுமையாகத் திரும்பலாம். மருத்துவரிடம் சொல்லித்தான் அளவையோ நேரத்தையோ மாற்ற வேண்டும்.

நரம்பு நோய்களில் பார்க்கின்சனைத் தனியாகச் சொல்ல வேண்டும். அதில் பெரும்பாலும் சுரப்பு கூடுவதில்லை. தானாக விழுங்குவது குறைந்துபோகிறது. ஐம்பதைத் தாண்டியவருக்குப் புதிதாக வடிதல் வந்தால் வாசனை தெரிவது குறைந்ததா, கையெழுத்து சிறுத்ததா, நடக்கும்போது ஒரு கை வீசாமல் நிற்கிறதா, கனவில் கத்திக் கையைக் காலை உதைக்கிறாரா, நாள்பட்ட மலச்சிக்கல் உண்டா என்று கேட்பதற்கு இரண்டு நிமிடம் போதும். இவரிடம் இருந்தது மலச்சிக்கல் மட்டுமே. அதுவும் மாத்திரையால் வந்தது, நிறுத்தியதும் சரியானது.

சொத்தைப்பல், வாய்ப்புண், பொருந்தாத பல்செட், கர்ப்பத்தின் முதல் மாதங்கள் ஆகியவையும் எச்சிலைக் கூட்டும். குழந்தைகளுக்கு இரண்டு வயதுவரை வடிவது இயல்பு. சிலருக்கு நான்கு வயதுவரை நீளும். ஆனால் எந்த வயதிலும் குழந்தை வாயைத் திறந்தபடி குறட்டை விட்டுத் தூங்கினால் அடினாய்டும் (மூக்கின் பின்புறச் சதை) டான்சிலும் வளர்ந்திருக்கின்றனவா என்று காது மூக்குத் தொண்டை மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

காத்திருக்கவே கூடாத நிலைகள் சில உண்டு. திடீரென ஒரு பக்க வாயோரம் தொங்கி எச்சில் வடிவது, பேச்சுக் குழறுவது, கை வலுவிழப்பது பக்கவாதமாக இருக்கலாம், நிமிடங்கள் முக்கியம். காய்ச்சலோடு தொண்டை வலித்து, வாயைத் திறக்க முடியாமல், எச்சிலைக்கூட விழுங்க முடியாமல் துப்பிக்கொண்டிருந்தால் டான்சிலைச் சுற்றிச் சீழ் கட்டியிருக்கலாம். குழந்தை முன்பக்கம் குனிந்து உட்கார்ந்து, எச்சில் ஒழுக, மூச்சில் இரைச்சலோடு இருந்தால் தொண்டைக்குள் குச்சி விட்டுப் பார்க்காமல் அப்படியே தூக்கிக்கொண்டு அவசர சிகிச்சைக்கு ஓட வேண்டும். பூச்சிமருந்து தெளித்தவருக்கு எச்சிலும் வியர்வையும் பெருகிக் கண்மணி சுருங்கினால் அது நச்சு.

உறக்கப் பரிசோதனை

மணிக்குச் சராசரி 22 முறை மூச்சு நிற்கவோ குறையவோ செய்தது. 5 முதல் 15 வரை லேசானது, 15 முதல் 30 வரை நடுத்தரம், அதற்கு மேல் கடுமை என்பது வழக்கமான பிரிவு. மல்லாந்த நிலையில் மட்டும் 38, ஒருக்களித்த நிலையில் 12. ஆக்சிஜன் மிகக் குறைந்தபட்சம் 84 சதவீதம்வரை இறங்கியது. மனைவி திருப்பிவிட்டது எவ்வளவு உதவியிருக்கிறது என்பது இந்த இரண்டு எண்ணிலேயே தெரிகிறது.

சிகிச்சை: மூக்கிலிருந்து தொடக்கம்

கிளைகோபைரோலேட் நிறுத்தப்பட்டது. அடுத்து மூக்கு. மூச்சுப்பாதை அடைபடாமல் இரவு முழுக்கக் காற்றைச் செலுத்தும் காற்றழுத்த இயந்திரத்தை (சிபேப்) உடனே தொடங்காமல் சில வாரம் மூக்கைச் சரிசெய்வதற்குக் காரணம் உண்டு: அடைத்த மூக்கில் காற்றைச் செலுத்தினால் அது வாய் வழியாகவே வெளியேறும், நோயாளி இயந்திரத்தையே வெறுத்துவிடுவார்.

மூக்குச் சவ்வின் வீக்கத்தைக் குறைக்கும் மொமெட்டாசோன் ஸ்பிரே, ஒரு அழுத்தத்துக்கு 50 மைக்ரோகிராம், ஒவ்வொரு துவாரத்திலும் இரண்டு, நாளைக்கு ஒருமுறை. தலையை லேசாகக் கவிழ்த்து, வலது துவாரத்துக்கு இடது கையையும் இடது துவாரத்துக்கு வலது கையையும் பயன்படுத்தினால் முனை தானாகவே வெளிப்பக்கமாக, அதே பக்கக் கண்ணின் ஓரத்தை நோக்கும். நடுச்சுவரில் பட்டால் ரத்தம் கசியும். அடித்ததும் பலமாக உறிஞ்சினால் மருந்து தொண்டைக்குப் போய்விடும். மெல்ல மூச்சிழுத்தால் போதும். முழுப் பலன் தெரிய ஒன்றிரண்டு வாரம் ஆகும் என்பதை முதலிலேயே சொல்லாவிட்டால் மூன்றாம் நாளே நிறுத்திவிடுவார்கள்.

ஸ்பிரே ஒரு வாரம் போன பிறகு சொட்டு மருந்து இடது துவாரத்தில் மட்டும் நிறுத்தப்பட்டது. அந்தப் பக்கம் பத்து நாளில் திறந்ததும் வலப்பக்கமும் நிறுத்தம். இரண்டையும் ஒரே இரவில் நிறுத்தினால் மூச்சுவிட வழியில்லாமல் பலர் நள்ளிரவில் மறுபடி புட்டியைத் தேடுவார்கள்.

உப்புநீர்க் கழுவல் இரவில், படுக்க ஒரு மணி நேரம் முன்பு. ஒரு நிமிடம் கொதிக்கவைத்து ஆறவைத்த 240 மில்லிலிட்டர் நீரில் அயோடின் சேராத உப்பு 2 கிராம், ஒரு சிட்டிகை சமையல் சோடா. குழாய்த் தண்ணீரை அப்படியே மூக்கில் ஏற்றவே கூடாது. அரிதாக அதில் இருக்கும் நேக்லேரியா அமீபா மூளைக்குப் போனால் உயிர் பிழைப்பது கடினம். முதலில் கழுவல், பத்து நிமிடம் கழித்து ஸ்பிரே. மாற்றிச் செய்தால் மருந்து கழுவிப்போய்விடும்.

வாயோர வெடிப்புக்குப் படுக்கும் முன் பெட்ரோலியம் ஜெல்லி போதுமானதாக இருந்தது. நான்காவது வார முடிவில் துண்டின் எடையேற்றம் சராசரி 7 கிராம்.

காற்றழுத்த இயந்திரமும் இடையில் வந்த சறுக்கலும்

ஐந்தாவது வாரம் சிபேப் இயந்திரம், தானே அழுத்தத்தை மாற்றிக்கொள்ளும் வகை, 6 முதல் 12 சென்டிமீட்டர் நீரழுத்த வரம்பில், மூக்கை மட்டும் மூடும் மாஸ்க்கோடு தொடங்கியது. இரண்டாவது வாரத்தில் துண்டு 15 கிராம் ஏறியது. சிகிச்சைக்கு முன்பிருந்ததைவிட அதிகம்! இங்கேதான் பலர் இயந்திரத்தைப் பெட்டிக்குள் வைத்துவிடுகிறார்கள்.

முதல் சில வாரங்களில் எச்சில் கூடுவதாகத் தோன்றுவது பரவலான அனுபவம். பெரும்பாலும் பழகப் பழகத் தணியும். ஆனால் இவரது இயந்திரப் பதிவில் விடியற்காலை மூன்று முதல் ஐந்து மணிக்குள் காற்றுக் கசிவு உச்சத்தில் இருந்தது. விசாரித்ததில், ஈரப்பதக் கலனில் தண்ணீர் ஊற்றுவதை விட்டிருந்தார். இயந்திரம் வந்துவிட்டதே என்று மூக்கு கழுவுவதையும் நிறுத்தியிருந்தார். உலர்ந்த காற்று இரவு முழுக்கப் பாய்ந்து மூக்குச் சவ்வை மீண்டும் வீங்கவைத்தது. மூக்கு அடைந்ததும் வாய் திறந்தது. செலுத்தப்பட்ட காற்று வாய்வழியே வெளியேறும்போது கன்னத்தில் தேங்கியதையும் தள்ளிக்கொண்டு வந்தது.

கலனில் காய்ச்சி வடித்த நீர் ஊற்றி, சூடேற்றும் அமைப்பை நடுநிலைக்குக் கொண்டுவந்து, கழுவலை மீண்டும் தொடங்கியதும் கசிவு இறங்கியது. முழு முக மாஸ்க்குக்கு மாற்றலாமா என்ற கேள்வி எழுந்தது. வாய்க் கசிவுக்கு அது சில சமயம் தேவைதான். ஆனால் பட்டையை இறுக்கினால் கீழ்த்தாடை பின்னுக்குத் தள்ளப்படும், எச்சில் மாஸ்க்குக்குள்ளேயே தேங்கித் தோல் புண்ணாகும். மூக்கு திறந்திருக்கும்போது அதைக் கடைசி வழியாக வைப்பதே நல்லது. வாயில் ஒட்டுநாடா ஒட்டிக்கொண்டு தூங்கும் வழக்கத்தைப் பற்றியும் கேட்டார். மூக்கடைப்பும் மூச்சுத்தடையும் உள்ளவருக்கு அது ஆபத்து. வாந்தி வந்தால் மேலும் ஆபத்து. மறுக்கப்பட்டது.

மூன்றாம் மாத முடிவில் இயந்திரத்தோடு மூச்சுத்தடை மணிக்கு 3. இரவுக்குச் சராசரி ஐந்தரை மணி நேரம் போடுகிறார். துண்டின் எடையேற்றம் பெரும்பாலான இரவுகளில் 2 கிராம் அல்லது அதற்குக் கீழே. எப்வொர்த் 13லிருந்து 6. சளி பிடித்த ஒரு வாரத்தில் மட்டும் மறுபடி 8 கிராம் வரை போனது, சளி விட்டதும் இறங்கியது.

சுரப்பைக் குறைக்கும் மருந்து யாருக்கு

பார்க்கின்சன், பக்கவாதம், பெருமூளை வாதம் போன்றவற்றில் விழுங்கும் திறனைத் திரும்பக் கொண்டுவர முடியாதபோது சுரப்பைக் குறைப்பது நியாயமான வழி. கிளைகோபைரோலேட், நாக்கடியில் விடும் அட்ரோபின் சொட்டு ஆகியவை வேலை செய்யும்; ஆனால் முதியவர்களுக்கு மனக்குழப்பம், சிறுநீர் தேக்கம், மலச்சிக்கல் தரலாம். குளோசபைன் எடுப்பவருக்கு இவற்றைச் சேர்க்கும்போது கூடுதல் கவனம் வேண்டும். இரண்டும் சேர்ந்து குடல் அசைவையே நிறுத்திவிடக்கூடும். சுரப்பிகளில் போட்யூலினம் நச்சு ஊசி போடுவது இன்னொரு வழி. அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு பெரியவர்களின் நாள்பட்ட எச்சில் வடிதலுக்கு இன்கோபோட்யூலினம் வகையை 2018இல் அனுமதித்தது. மொத்தம் 100 அலகு: காதருகே பக்கத்துக்கு 30, தாடையடியில் பக்கத்துக்கு 20. பலன் மூன்று நான்கு மாதம் நிற்கும். விழுங்கும் தசைக்குப் பரவினால் சாப்பிடுவதே கடினமாகும் என்பதால் அனுபவமுள்ள கை தேவை. இவருக்கு இவை எதுவும் தேவைப்படவில்லை.

மூக்கு நடுச்சுவர் வளைவுக்கு இப்போதைக்கு அறுவை செய்யவில்லை. சவ்வு வீக்கம் தணிந்தபின் வலப்பக்கமும் போதிய அளவு திறந்துவிட்டது. ஸ்பிரேயும் கழுவலும் ஆறு மாதம் ஒழுங்காகச் செய்தும் அழுத்தம் தாங்க முடியாமல் கசிவு வந்தால் அப்போது அந்தப் பேச்சை எடுக்கலாம். உடல் எடையில் பத்து சதவீதம் குறைந்தால் உறக்கப் பரிசோதனையைத் திரும்பச் செய்து, இயந்திர அழுத்தத்தைக் குறைக்க முடியுமா என்று பார்க்க வேண்டும். அதுவரை மாதத்துக்கு ஒருமுறை இயந்திரப் பதிவும், மூன்று இரவுத் துண்டு எடையும் குறித்துக்கொண்டு வரச் சொல்லப்பட்டிருக்கிறது.